நமக்குள் பேசும் மூவர்: வகுப்பறையிலும் உளவளத்துணையிலும் பரிமாற்றப் பகுப்பாய்வு

"மணி எத்தனை?" என்பது ஒரு சாதாரணக் கேள்வி. கையில் கடிகாரம் உள்ள எவரும் அதற்குப் பதில் சொல்லலாம். ஆனால் பின்நேர வகுப்பு முடிந்து, பஸ் தாமதமாகி, வீட்டு வாசலில் கால் வைக்கும்போது உம்மா அதே கேள்வியைக் கேட்டால், "ஆறேகால்" என்பது அதற்குரிய பதில் அல்ல என்பதை இதை வாசிக்கும் மாணவிகள் எல்லோரும் அறிவார்கள். உம்மாவின் கண்ணுக்கு முன்னாலேயே சுவர்க் கடிகாரம் தொங்குகிறது. அவர் நேரத்தை அறிவதற்காகக் கேட்கவில்லை.

சொற்கள் ஒன்றாக இருக்க, பேச்சு எப்படி வேறாகிறது? பேசுபவர் எந்த மனநிலையில் நின்று, எதிரில் இருப்பவரை எந்த இடத்தில் வைத்துப் பேசுகிறார் என்பதைப் பொறுத்தே அது மாறுகிறது என்று விளக்கம் தரும் உளவியல் முறை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதன் பெயர் டிரான்ஸக்ஷனல் அனலிசிஸ். தமிழில் பரிமாற்றப் பகுப்பாய்வு எனலாம். ஒருவர் ஒரு சொல்லையோ பார்வையையோ கொடுக்க, மற்றவர் பதிலுக்கு ஒன்றைக் கொடுப்பதுதான் பரிமாற்றம். கடையில் நடக்கும் கொடுக்கல் வாங்கலைப் போன்றது. அதைப் பிரித்துப் பார்ப்பது பகுப்பாய்வு.

நான் உயர்தரக் கலைப்பிரிவு மாணவி. தமிழ், இஸ்லாமிய நாகரிகம், அளவையியல் ஆகியவையே என் பாடங்கள். உளவியல் அவற்றில் இல்லை. உளவளத்துணை டிப்ளோமா படிக்கும் என் சாச்சி, பரீட்சைக்காகத் தன் குறிப்புகளைச் சத்தமாக வாசித்து மனனம் செய்தபோது, பக்கத்து மேசையில் அளவையியல் படித்துக்கொண்டிருந்த என் காதிலும் அவை விழுந்தன. பிறகு அவரது கொப்பியையும் புத்தகங்களையும் வாங்கி வாசித்தேன். மாணவிகளும் பெற்றோரும் சேர்ந்து வாசிக்கும் சஞ்சிகை இது என்பதால், இரு தரப்பாருக்கும் இடையே நடக்கும் இந்த விடயத்தைப் பற்றி எழுத விரும்பினேன்.

இம்முறையை உருவாக்கியவர் எரிக் பேர்ன் என்ற உளமருத்துவர். 1910ஆம் ஆண்டு கனடாவின் மொன்றியல் நகரில் ஒரு வைத்தியரின் மகனாகப் பிறந்தார். அவர் சிறுவனாக இருக்கும்போதே தந்தை காசநோயால் இறந்துபோக, தாயார் எழுத்து வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். 1935இல் மக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்ற பேர்ன், இரண்டாம் உலக யுத்த காலத்தில் அந்நாட்டு இராணுவத்தில் உளமருத்துவராகக் கடமையாற்றினார். சிக்மண்ட் ஃபிராய்டின் வழிவந்த உளப்பகுப்பாய்வு முறையே அன்று பெரும் செல்வாக்குடன் இருந்தது. அதில் பல வருடங்கள் பயிற்சி பெற்ற பின்னும், 1956இல் சான் பிரான்சிஸ்கோவின் உளப்பகுப்பாய்வு நிறுவகம் அவரது விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டது. அடுத்த வருடமே அவர் தன் சொந்தக் கருத்துகளைக் கட்டுரைகளாக வெளியிடத் தொடங்கினார். 1961இல் இம்முறையை முழுமையாக விளக்கும் நூல் வெளிவந்தது. 1964இல் வந்த 'கேம்ஸ் பீப்பிள் பிளே', அதாவது மனிதர் ஆடும் விளையாட்டுகள் என்ற நூல், பொதுமக்கள் பெருந்தொகையாக வாங்கி வாசித்த நூலாயிற்று. 1970இல் தனது 60ஆவது வயதில் அவர் காலமானார். இஸட் புள்ளியை நினைத்து இரவில் விழித்துக் கிடக்கும் என் போன்றவர்களுக்கு, 1956இல் அவருக்கு வந்த அந்த நிராகரிப்பு கொஞ்சம் தைரியம் தருகிறது.

அவரது எண்ணத்துக்கு வித்திட்ட நோயாளிகளில் ஒருவர் ஒரு சட்டத்தரணி. தொழிலில் திறமையானவர். அவர் ஒருநாள், பண்ணையொன்றில் விடுமுறையைக் கழித்த எட்டு வயதுச் சிறுவனின் கதையைச் சொன்னார். மாடு மேய்க்கும் வீரனைப் போல் உடையணிந்திருந்த அந்தச் சிறுவன், குதிரையின் சேணத்தைக் கழற்ற ஒரு வேலையாளுக்கு உதவுகிறான். வேலையாள் அவனைப் பெரிய வீரனாகப் பாவித்து நன்றி சொல்கிறார். தான் வீரன் அல்ல, சின்னப் பையன்தான் என்கிறான் சிறுவன். தனக்கும் எப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது என்று சட்டத்தரணி சொல்லி முடித்தார். அதன் பின்னர் பேர்ன் ஏதாவது கேட்டால், அந்தக் கேள்வி சட்டத்தரணிக்கா சிறுவனுக்கா என்று அவரே திருப்பிக் கேட்பதும் உண்டாம். ஒரே உடலில் இருவர் மாறி மாறிப் பேசுவதைப் பேர்ன் கவனித்தார். மேலும் கவனித்தபோது மூன்றாமவர் ஒருவரும் தென்பட்டார்: அந்த மனிதரின் தந்தையைப் போலவே பேசும் ஒருவர்.

இந்த மூன்றுமே பேர்ன் கூறும் மூன்று அகநிலைகள். ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வட்டங்கள் வரைந்து அவற்றைக் காட்டுவார்கள். மேலே இருப்பது பெற்றோர் நிலை. எம்மை வளர்த்தவர்களிடமிருந்து நாம் பிரதி எடுத்துக்கொண்ட பேச்சும் தொனியும் கைவிரல் அசைவும் அதில் இருக்கின்றன. நடுவில் வளர்ந்தோர் நிலை. இந்த இடத்தில் இந்த நேரத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்து, தகவலைக் கேட்டு, யோசித்து முடிவெடுப்பது அது. கீழே பிள்ளை நிலை. சிறுவயதில் நாம் உணர்ந்த பயம், சந்தோசம், கோபம், குறும்பு, கீழ்ப்படிவு எல்லாம் அன்று இருந்தபடியே அதில் இருக்கின்றன.

இவற்றுக்கும் வயதுக்கும் தொடர்பில்லை என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையிடமும் பெற்றோர் நிலை உண்டு. நம்பாதவர்கள், முற்றத்தில் சின்னப் பிள்ளைகள் ஸ்கூல் விளையாட்டு விளையாடும்போது சற்று நின்று பாருங்கள். டீச்சராகும் பிள்ளை முதலில் தேடுவது புத்தகத்தையா, அடிமட்டத்தையா? மேசையில் இரண்டு தட்டு, இடுப்பில் ஒரு கை, பிறகு "சத்தம் போடாம இருங்க!" என்று ஒரு அதட்டல். அந்தப் பிள்ளைக்கு அதை யாரும் பாடமாகக் கற்பிக்கவில்லை. அதேபோல, சர்க்கரைப் பொங்கலைக் கண்டதும் எங்கள் உம்மும்மாவின் முகத்தில் வரும் சிரிப்பு பிள்ளை நிலைக்கு உரியது. அவருக்கு வயது 74, நீரிழிவும் உண்டு.

பெற்றோர் நிலை கெட்டது, வளர்ந்தோர் நிலை நல்லது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பெற்றோர் நிலையில் கண்டிப்பவரும் இருக்கிறார், அரவணைப்பவரும் இருக்கிறார். பரீட்சை நாளன்று தலையைத் தடவி, பேனை இரண்டு எடுத்தாயா என்று கேட்பது அரவணைக்கும் பெற்றோர் நிலை. பிள்ளை நிலையிலும் சுதந்திரமான பிள்ளை ஒன்று, மற்றவர்களுக்கு ஏற்பத் தன்னைச் சுருக்கிக்கொண்ட பிள்ளை ஒன்று என இரண்டு இருக்கின்றன. கவிதை எழுதுவது முதலாவது பிள்ளை. வகுப்பில் கை உயர்த்தப் பயப்படுவது இரண்டாவது.

இனிப் பரிமாற்றத்துக்கு வருவோம். "உம்மா, என்ட கணக்குக் கொப்பியக் கண்டீங்களா?" என்று மகள் கேட்கிறாள். "மேசைக்குக் கீழ கிடக்கு மகள்" என்று பதில் வருகிறது. வளர்ந்தோர் நிலையிலிருந்து போன கேள்விக்கு வளர்ந்தோர் நிலையிலிருந்தே பதில் வந்தது. அம்புக்குறிகளை வரைந்தால் இரண்டும் சமாந்தரமாக இருக்கும். இத்தகைய பேச்சு தடையின்றித் தொடரும் என்பது பேர்னின் முதல் விதி. அதே கேள்விக்கு, "உன்ட சாமானப் பாத்து வைக்க உனக்குத் தெரியாதா? எல்லாத்துக்கும் நான்தானா?" என்று பதில் வந்தால், அது பெற்றோர் நிலையிலிருந்து பிள்ளை நிலையை நோக்கி வருகிறது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அந்த இடத்தில் கொப்பியைப் பற்றிய பேச்சு முடிந்து சண்டை தொடங்குகிறது. இது இரண்டாவது விதி. மகளும் இதே தவறைச் செய்யக்கூடியவளே. "இண்டைக்கு எத்தின மணிக்கு வகுப்பு?" என்று உம்மா சாதாரணமாகக் கேட்க, "ஏன், என்னில நம்பிக்கை இல்லையா?" என்று பாய்வதும் வெட்டுப் பரிமாற்றம்தான்.

சமாந்தரமாக இருந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் சொல்ல முடியாது. என்னைப் பொறுத்தவரை, கல்வியில் இம்முறையின் மிகப் பயனுள்ள பகுதி இங்கேதான் இருக்கிறது. ஆசிரியர் கண்டிக்கிறார், மாணவி தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறாள். பெற்றோர் நிலையிலிருந்து பிள்ளை நிலைக்கும், பிள்ளை நிலையிலிருந்து பெற்றோர் நிலைக்கும் கோடுகள் ஒழுங்காகப் போய் வருகின்றன. வகுப்பு அமைதியாக இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர் அதை நல்ல வகுப்பு என்பார். ஆனால் அந்த அமைதியில் வளர்ந்தோர் நிலைக்கு வேலையே இல்லை. யோசிப்பதற்கு ஒருவரும் அங்கு இல்லை.

மூன்றாவது வகைப் பரிமாற்றத்தில் மேலே ஒரு பேச்சும் அடியில் இன்னொரு பேச்சும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. பாடம் முடியும்போது எல்லா வகுப்பறைகளிலும் கேட்கப்படும் "விளங்கினதா?" என்ற கேள்வி இதற்குச் சிறந்த உதாரணம். சொல்லளவில் அது தகவல் கேட்கும் கேள்வி. ஆனால் சில வேளை தொனி, "இவ்வளவு நேரம் படிப்பித்த பிறகு விளங்கவில்லை என்று யார் சொல்கிறீர்கள், பார்ப்போம்" என்கிறது. நாற்பது பேரும் ஒரே குரலில் "ஓம் டீச்சர்" என்கிறோம். அதுவும் சொல்லளவில் ஒரு தகவல்தான். அடியில் இருப்பதோ, எங்களை விட்டுவிடுங்கள் என்ற வேண்டுதல். இப்படிப்பட்ட பேச்சில் முடிவைத் தீர்மானிப்பது அடியில் ஓடும் பேச்சே என்பது பேர்னின் மூன்றாவது விதி. தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் வரும்போது ஆசிரியரும் ஆச்சரியப்படுகிறார், நாங்களும் ஆச்சரியப்படுகிறோம்.

எனக்குப் படிப்பித்த ஓர் ஆசிரியை இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. பாட முடிவில் சிறு கடதாசித் துண்டுகளைத் தருவார். எந்தப் படியில் நின்றுவிட்டோம் என்று பெயர் போடாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லோரும் எங்கோ ஓரிடத்தில் நிற்பார்கள் என்பது அதில் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. அடுத்த நாள், "பதினேழு பேர் மூன்றாவது படியில் நிற்கிறீர்கள், அங்கிருந்து தொடங்குவோம்" என்பார். அவர் பேர்னை வாசித்தாரோ தெரியாது. ஆனால் நாற்பது வளர்ந்தோர் நிலைகளை ஒரு கடதாசித் துண்டால் எழுப்பிவிட்டார்.

கல்வியோடு தொடர்புடைய இன்னொரு கருத்து வருடல். ஒரு மனிதர் இன்னொருவரை, 'நீ இருக்கிறாய், உன்னைக் கண்டேன்' என்று ஏற்றுக்கொள்ளும் எந்தச் செயலும் வருடல்தான். ஸலாம், சிரிப்பு, பெயர் சொல்லி அழைத்தல், ஏச்சு, அடி எல்லாம் இதில் அடங்கும். ரெனே ஸ்பிட்ஸ் என்ற ஆய்வாளர், நிறுவனங்களில் வளர்ந்த குழந்தைகள் உணவும் சுத்தமும் கிடைத்தும், தூக்கிக் கொஞ்ச ஆளில்லாததால் உடலாலும் மனதாலும் நலிந்து போவதை 1940களில் எடுத்துக்காட்டினார். பேர்ன் அதிலிருந்தே தொடங்கினார். பசியைப் போல மனிதனுக்கு வருடற் பசியும் உண்டு என்றார். நல்லது கிடைக்காவிட்டால் மனிதன் கெட்டதையாவது தேடிப் பெற்றுக்கொள்வான். ஒன்றுமில்லாமல் இருப்பதைவிட அது மேல்.

பின்வாங்கில் எப்போதும் கதைத்து ஏச்சு வாங்கும் பிள்ளையை இந்தக் கண்ணால் பாருங்கள். ஒரு பாடவேளையில் அவளுடைய பெயர் ஆறு தரம் அழைக்கப்படுகிறது. நடுவில் அமைதியாக இருக்கும் பிள்ளையின் பெயர் இடாப்பு எடுக்கும்போது மட்டும்தான் அழைக்கப்படுகிறது. ஏச்சைக் கூட்டினால் கதை குறையும் என்று எதிர்பார்ப்பது, பசித்தவருக்குச் சோறு போட்டுவிட்டு இனிச் சாப்பிட வராதே என்பது போன்றது. அவள் கதைக்காமல் இருக்கும் ஐந்து நிமிடத்தில் ஒரு தரம் பெயர் சொல்லி ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பதுதான் இம்முறை சொல்லும் வழி.

வருடல்களில் நிபந்தனை உள்ளதும் இல்லாததும் உண்டு. "கெட்டிக்காரி, தொண்ணூறு எடுத்திருக்கிறாய்" என்பது நிபந்தனை உள்ளது. "வா மகள், சாப்பிடு" என்பது நிபந்தனை அற்றது. இரண்டும் தேவை. ஆனால் பரீட்சை வருடங்களில் எங்கள் வீடுகள் பலவற்றில் இரண்டாவது வகை மெல்ல மெல்லக் குறைந்துவிடுகிறது. சாப்பாட்டு மேசையிலும் புள்ளிதான் பேச்சு.

பேர்ன் சொல்லும் விளையாட்டுகளில் ஒன்றை மட்டும் சொல்லிச் செல்கிறேன். அவர் முதலில் கண்டுபிடித்த அந்த விளையாட்டுக்கு 'நீ ஏன் இப்படிச் செய்யக்கூடாது? – ஓம், ஆனால்' என்று பெயர். "படிக்கவே முடியல்ல" என்கிறாள் சினேகிதி. சுபஹுக்குப் பிறகு படியேன் என்கிறோம். ஓம், ஆனால் அப்போது தூக்கம் வரும். லைப்ரரிக்கு வாயேன். ஓம், ஆனால் வீட்டில் விடமாட்டார்கள். சேர்ந்து படிப்போமா? ஓம், ஆனால்... கடைசியில் ஆலோசனை சொன்னவர்கள் வாயடைத்துப் போக, அவளுக்கு ஒரு சின்ன வெற்றி கிடைக்கிறது. யாராலும் எனக்கு உதவ முடியாது என்பதே அந்த வெற்றி. இதற்கு மருந்து, ஆலோசனை சொல்வதை நிறுத்திவிட்டு, "நீ என்ன செய்யலாமெண்டு நினைக்கிறாய்?" என்று கேட்பது. எளிதாகத் தெரியும், செய்து பார்த்தால்தான் நாக்கைக் கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

ஸ்டீபன் கார்ப்மன் என்பவர் 1968இல் இத்தகைய விளையாட்டுகளை ஒரு முக்கோணமாக வரைந்தார். துன்புறுத்துபவர், காப்பாற்றுபவர், பாதிக்கப்பட்டவர் என்று மூன்று மூலைகள். வாப்பா ஏசுகிறார், உம்மா குறுக்கே வந்து காப்பாற்றுகிறார், மகன் அழுகிறான். சற்று நேரத்தில் உம்மா வாப்பாவை ஏச, மகன் எழுந்து வாப்பாவுக்காகப் பேசுகிறான். எல்லோரும் மூலை மாறிவிட்டார்கள், ஆனால் பிரச்சினை இருந்த இடத்திலேயே இருக்கிறது. இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

இனி நான் இக்கட்டுரையை எழுதுவதற்கு உண்மையான காரணமாக இருந்த பகுதிக்கு வருகிறேன். சிறுவயதில் கேட்டவற்றையும் கண்டவற்றையும் வைத்துப் பிள்ளை தன்னைப் பற்றி ஒரு தீர்மானம் எடுக்கிறது என்றும், பிறகு நாடகப் பிரதியைப் பின்பற்றும் நடிகனைப் போல அதன்படி வாழத் தொடங்குகிறது என்றும் பேர்ன் கூறினார். இதற்கு வாழ்க்கைப் பிரதி என்று பெயர். பிள்ளையின் தீர்மானம் பிள்ளைத்தனமானதுதான். ஆனால் அந்த வயதில், அதற்குத் தெரிந்த அளவில், அது நியாயமான தீர்மானம்.

என் தம்பி தரம் 7இல் படிக்கிறான். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் 200க்கு அவன் பெற்ற புள்ளி வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே இருந்தது. பெறுபேறு வந்த அன்று வீட்டில் யாரும் அவனை ஏசவில்லை. சாப்பாடு வழமைபோலப் போடப்பட்டது. ஆனால் வாப்பா தொலைபேசியை எடுக்கவில்லை. வாங்கி வைத்திருந்த இனிப்புப் பெட்டியை உம்மா அலுமாரிக்குள் வைத்துவிட்டார். "அவனுக்கு விளையாட்டுப் புத்தி, படிப்பு வராது போல" என்று வந்த உறவினர் ஒருவர் அவன் முன்னாலேயே சொன்னார். பத்து வயதுப் பிள்ளை அன்று மூன்று செய்திகளையும் ஒன்று சேர்த்து ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறான். அதற்குப் பிறகு கணக்குப் பாடத்தில் கஷ்டமான வினா வந்தால் அவன் முயற்சி செய்வதில்லை. "எனக்கு வராது" என்பான். அதைக் கவலையோடு சொல்வதுமில்லை. தன் உயரத்தைச் சொல்வதுபோலச் சொல்வான். இலங்கையில் ஒவ்வொரு வருடமும் எத்தனை பத்து வயதுப் பிள்ளைகள் ஒரே நாளில் இப்படி ஒரு தீர்மானத்தை எடுக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு அந்தப் பரீட்சையின் மேல் கோபம் வருகிறது.

உளச்சிகிச்சையில் இம்முறை பயன்படுவது இங்கேதான். தீர்மானம் என்பது நோய் அல்ல. எடுத்தவரே அதை மாற்றியும் எடுக்கலாம். பொப் கோல்டிங், மேரி கோல்டிங் என்ற தம்பதியர் இதை மறுதீர்மானச் சிகிச்சையாக வளர்த்தார்கள். வளர்ந்த ஒருவர் தன் சிறுவயதுக் காட்சி ஒன்றை மனதில் மீண்டும் கொண்டுவந்து, எதிரே வெறும் கதிரை ஒன்றை வைத்து, அன்று சொல்ல முடியாததை அதில் தன் தந்தையோ தாயோ இருப்பதாக எண்ணிச் சொல்கிறார். அன்று சிறு பிள்ளையாகத் தனியே எடுத்த முடிவை, இன்றைய அறிவின் துணையோடு அந்தப் பிள்ளையே மாற்றி எடுக்க வேண்டும். புத்தியால் மட்டும் மாற்றினால் அது நிலைப்பதில்லை என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

சிகிச்சையாளருக்கு மூன்று விடயங்கள் தேவை என்கிறார்கள். பழைய கட்டளையை மீறுவதற்கான அனுமதியைக் கொடுக்க வேண்டும். மீறும்போது வரும் பயத்திலிருந்து பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். இரண்டையும் கொடுக்கும் வல்லமை தன்னிடம் இருக்க வேண்டும். இதைவிட என்னைக் கவர்ந்தது ஒப்பந்தம் என்ற ஏற்பாடு. எதை மாற்ற வேண்டும் என்று சிகிச்சை பெறுபவரும் சிகிச்சையாளரும் ஆரம்பத்திலேயே தெளிவான சொற்களில் உடன்படுகிறார்கள். குளோட் ஸ்டைனர் என்பவர் இதற்கான நிபந்தனைகளைச் சட்டத்திலிருந்தே எடுத்தார்: இரு தரப்பின் சம்மதம், இரு தரப்பும் ஏதேனும் கொடுத்தல், செய்து முடிக்கும் தகுதி, சட்டத்துக்கு உட்பட்ட நோக்கம். பேர்ன் நோயாளிகளுக்குக் கரும்பலகையில் வட்டங்களை வரைந்து காட்டி விளக்குவார். வைத்தியர்களும் தாதியரும் நோயாளியைப் பற்றிக் கலந்துரையாடுவதை நோயாளிகளே இருந்து கேட்கும் கூட்டங்களையும் நடத்தினார். எனக்குத் தெரியாத மொழியில் என்னைப் பற்றி என் தலைக்கு மேலால் பேசக்கூடாது என்பது எவ்வளவு எளிய மரியாதை! பெற்றோர் கூட்டங்களில் எங்களைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே, "இவள் எப்படி டீச்சர்?" என்று கேட்கும்போது இதை நான் நினைத்துக்கொள்வேன்.

குறைகளும் உண்டு. பேர்ன் தன் கருத்துக்கு ஆதாரமாக, மொன்றியலில் மூளைச் சத்திரசிகிச்சை செய்த வில்டர் பென்ஃபீல்டின் அவதானங்களைக் காட்டினார். மூளையில் மின்தூண்டல் கொடுத்தபோது சில நோயாளிகள் பழைய சம்பவங்களை மீண்டும் அனுபவித்ததாகக் கூறினர். ஆனால் நினைவுகள் ஒலிநாடாவைப் போல அப்படியே பதிந்து கிடப்பதில்லை என்றே இன்றைய உளவியல் கூறுகிறது. சிந்தனை நடத்தைச் சிகிச்சைக்கு இருக்கும் அளவு ஆய்வுச் சான்றுகளும் இதற்கு இல்லை. மூன்று வட்டங்கள் இலகுவாக விளங்குவதே இன்னொரு ஆபத்து. இரண்டு பக்கம் வாசித்தவுடன் மற்றவர்களுக்கு முத்திரை குத்தத் தோன்றும். "நீங்க இப்ப பெற்றோர் நிலையில நிண்டு கதைக்கிறீங்க" என்று உம்மாவிடம் சொல்லும் மகள், எந்த நிலையில் நின்று அதைச் சொல்கிறாள்? சாச்சியின் விதி ஒன்று: இந்த வட்டங்களை முதலில் தன் மீது மட்டுமே வரைய வேண்டும். தூக்கமின்மை, தொடர் அழுகை, உயிர்மேல் வெறுப்பு போன்றவை இருந்தால் வட்டம் வரைந்துகொண்டிருக்கக் கூடாது. பாடசாலை உளவளத்துணை ஆசிரியரிடமோ வைத்தியரிடமோ போக வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம்.

என் குறிப்புகளை வாசித்த உம்மா ஒரு கேள்வி கேட்டார். "அப்ப எல்லாத்துக்கும் உம்மாமார்தான் குற்றமா?" இதை வாசிக்கும் பெற்றோருக்கும் அது தோன்றலாம். பெற்றோரைக் கண்ணியப்படுத்துவதை மார்க்கக் கடமையாகக் கற்ற எங்களுக்கு, பெற்றோரோடு சமமான நிலையில் பேசுவது என்ற சொல்லே கொஞ்சம் உறுத்தும். எனக்கு விளங்கிய அளவில், வளர்ந்தோர் நிலையில் பேசுவது மரியாதைக் குறைவாகப் பேசுவதல்ல. ஆறுதலாக, உண்மையைச் சொல்லி, கேட்டதற்குப் பதில் சொல்வதுதான் அது. குற்றத்தைப் பொறுத்தவரை, உம்மாவின் அதட்டல் உம்மும்மாவின் அதட்டல்தான். சொல்லும் ஒன்று, இழுவையும் ஒன்று. நான் சொன்னதும் உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உம்மும்மாவுக்கு அது யாரிடமிருந்து வந்தது என்று கேட்க இப்போது ஆளில்லை. ஒரு ஆளிடம் குற்றத்தைத் தேடிப் போனால் இப்படிக் கப்று வரை போக வேண்டியதுதான். இரண்டு பேருக்கு இடையில் உள்ள பேச்சில் தேடினால், அதை இன்று பின்நேரமே மாற்றிப் பார்க்கலாம்.

அப்படித்தான் எங்கள் வீட்டில் ஓர் ஒப்பந்தம் உருவானது. சாச்சி எழுத, தம்பியும் கையொப்பம் வைத்தான். இரண்டு வாரங்களுக்கு ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு அவன் மூன்று கணக்குகள் செய்ய வேண்டும். எந்தக் கணக்கு என்பது அவன் விருப்பம். உம்மா புள்ளியைப் பற்றிக் கேட்பதில்லை. வாப்பா கடை மூடி வந்ததும் அந்த மூன்றில் ஒன்றைத் தம்பியிடம் கேட்டுப் படிக்க வேண்டும். கேட்காமல் உதவி செய்யக்கூடாது என்பது எனக்குரிய நிபந்தனை. "எனக்கு வராது" என்று சொல்லலாமா என்று தம்பி கேட்டான். சொல்லலாம், ஆனால் எது வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று சாச்சி எழுதினார்.

இதை எழுதும் இன்று பதினோராவது நாள். நேற்று அவன் மூன்றுக்குப் பதிலாக இரண்டு கணக்குகளையே செய்தான். மூன்றாவதில் ஒரு படியைப் பென்சிலால் வட்டமிட்டு, "ராத்தா, இந்த இடத்திலதான் நிக்கிறன்" என்று கொப்பியை என் பக்கம் தள்ளினான்.